ஊரார் வைத்த சிலை திருடு போனால் போலீஸ் ஏன் கண்டுகொள்வதில்லை? தலைவர் சிலை என்றால் மட்டும் ஓடி வருகிறார்களே?

உங்கள் கேள்வியைப் படித்ததுமே தெரிகிறது, உங்கள் ஊரிலும் ஏதோ காணாமல் போயிருக்கிறது. ஸ்டேஷனில் "சரி, பார்க்கலாம்" என்று அனுப்பி வைத்திருப்பார்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், வடகடல் கரையில் எங்கள் ஊர். இங்கே தொடக்கப்பள்ளியில் ஒரு வாத்தியார் இருந்தார். விடியற்காலையில் கடற்கரைக்கே வந்துவிடுவார். கரைவலை இழுத்துக்கொண்டிருக்கும் பையன்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், முகம் கழுவ வைத்து, வகுப்பில் உட்கார வைப்பார். என் தம்பி இன்று கப்பலில் இன்ஜினியர் என்றால் அந்தக் கைதான் காரணம். அவர் இறந்த பிறகு படித்த பிள்ளைகள் சேர்ந்து, வளைகுடாவில் இருப்பவர்களும் பணம் அனுப்பி, சுவாமிமலையில் சொல்லி மார்பளவு வெண்கலச் சிலை செய்து பள்ளிக்கு முன்னால் வைத்தோம். அவருக்குப் பின்னால் கட்சி கிடையாது, சங்கம் கிடையாது, கொடி கிடையாது.

மீன்பிடித் தடைக்காலம், மே மாத விடுமுறை. பள்ளிப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லாத நேரம் பார்த்து அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் பீடத்தில் நாலு போல்ட்டும் அறுபட்டு, அறுத்த முகம் மட்டும் புதுசாக மின்னுகிறது. சுற்றிலும் ஆக்ஸா பிளேடு உதிர்த்த பொடி. உப்புக்காற்றில் சிலையிலிருந்து வழிந்த பச்சைக் கறை அப்படியே இருக்கிறது, சிலை இல்லை.

ஸ்டேஷனுக்கு நாலைந்து பேராகப் போனோம். எஸ்.ஐ. மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு யாராவது மறியலுக்கு வருவாங்களாண்ணே?" என்றார். இல்லை என்றோம். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அடுத்து, "சிலை யாரோட சொத்து?" என்றார். பள்ளிக்கூடம் தனதில்லை என்றது, பஞ்சாயத்தும் அப்படியே சொன்னது. புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், வழக்குப் பதிந்து எஃப்.ஐ.ஆர். போடவில்லை. பழைய இரும்புக் கடைகளில் ஒரு விசாரணைகூட நடக்கவில்லை. அதே மாதம் வேறொரு ஊரில் ஒரு தலைவர் சிலையின் மூக்குக்கண்ணாடியை யாரோ உடைத்திருக்கிறார்கள். மதியத்துக்குள் டி.எஸ்.பி., மோப்ப நாய், கைரேகைக்காரர்கள் என்று எல்லாரும் வந்தாயிற்று. இருட்டுவதற்குள் ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

உடனே "தலைவர்களை அவமதிக்கிறான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தச் சிலைகளுக்குப் பாதுகாப்பு கூடாது என்று நான் சொல்லவே இல்லை. 1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. 1997-இல் தென்மாவட்டச் சாதி மோதல்களுக்குப் பிறகு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயரையே அரசு எடுத்தது. உடைந்த கண்ணாடியால் உயிர் போகும் என்ற பயம் போலீசுக்கு இருப்பது நியாயம்தான். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி என்றால் பாதி ஸ்டேஷன் பந்தோபஸ்துக்குப் போய்விடும். என் மைத்துனரும் காவல்துறையில்தான் இருக்கிறார், அவர் தூங்காத இரவுகள் எனக்குத் தெரியும். ஆனால் கூட்டம் கூடுமா என்பதை மட்டுமே வைத்து ஒரு குற்றத்தை அளந்தால், அமைதியாக மனு கொடுக்கிறவன் என்ன செய்வான்? அடுத்த முறை அவனும் ரோட்டில்தான் உட்காருவான்.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வார்கள். கடல் அட்டை என்கிற கடல் உயிரினத்தை எடுக்கிறவர்களைப் பிடிக்க மட்டும் ஆள் எங்கிருந்து வருகிறது? 2001-இல் அட்டையை வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பட்டியல். இலங்கையில் உரிமம் வாங்கினால் பிடிக்கலாம். இங்கே வலையில் தானாக ஏறி வந்ததைக் கடலில் திரும்பப் போடுவதற்குள் பார்த்துவிட்டால்கூட வழக்கு வருமோ என்று பயந்துதான் வலை இழுக்கிறோம். மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவனைப் பிடியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? கூலிக்குப் போகிறவனை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாத பொருளைத் திருடுவது, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். சி.எஸ்.ஆரோடு விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்படி எஸ்.பி.க்குத் தபாலில் புகாரை அனுப்புங்கள், அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இன்னொன்று, சாதாரணத் திருட்டுக்கு, முதல் முறை என்றால், புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 303-இல் மூன்று ஆண்டு வரைதான் தண்டனை. அதுவே அரசு சொத்தாகவோ உள்ளாட்சி சொத்தாகவோ இருந்தால் 305-ஆவது பிரிவு, ஏழு ஆண்டு வரை. கோயில் விக்கிரகத்துக்கும் அதே பிரிவுதான். சிலை யார் பெயரில் இருக்கிறது என்பதை அதனால்தான் முதலில் கேட்கிறார்கள். ஊரார் காசு போட்டு வைத்தது என்றால் அதை ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், நாலு பக்கமும் போட்டோ எடுத்து, எடையையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் ஊரில் வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். வாத்தியாருக்குப் புதுச் சிலைக்குப் பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தான பிறகுதான் பீடத்தில் ஏற்றுவோம்.