வாசகர் கேள்வி: பழ ஈக்களைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: எங்கள் மாந்தோப்பில் மெத்தில் யூஜினால் (ஆண் பழ ஈயை இழுக்கும் வாசனைப்பொருள்) பொறி வைத்திருக்கிறோம். விழுந்த ஈக்களில் சில கறுப்பு, சில செம்பழுப்பு. எல்லாம் ஒரே இனமா? (கிருஷ்ணகிரி)

பதில்: இல்லை. தமிழ்நாட்டு மாந்தோப்பில் இந்தப் பொறிக்கு டார்சாலிஸ், கேரியே, சோனேட்டா, கரெக்டா என்ற நான்கு இனங்களும் வரும். நான்குமே பாக்ட்ரோசெரா பேரினத்தைச் சேர்ந்தவை. விழுவது ஆண் ஈக்கள் மட்டுமே.

பலர் முதுகின் நிறத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். தவறு தொடங்குவதே அங்கேதான். டார்சாலிஸின் முதுகு பெரும்பாலும் கறுப்பு. ஆனால் பழுப்பு முதுகோடும் வரும். அதைச் செம்பழுப்புச் சோனேட்டா என்று எழுதிவிடுவார்கள். வயிற்றின் மேலுள்ள ஆங்கில ‘T’ வடிவக் கோடும் பயன்படாது. அந்தக் குறி ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களில் உண்டு.

பத்து மடங்கு கைலென்ஸை எடுத்து முதலில் இறக்கையைப் பாருங்கள். முன்விளிம்பு நெடுக அறுபடாத பழுப்புப் பட்டை ஓடினால் அது டார்சாலிஸ் அல்லது கேரியே. பட்டை நடுவில் அறுந்து, நுனியில் சிறு பொட்டு மட்டும் இருந்தால் சோனேட்டா அல்லது கரெக்டா. அடுத்து முகம். சோனேட்டாவுக்கு இரண்டு கரும்புள்ளிகள் தனித்தனியாக இருக்கும். கரெக்டாவுக்கு அவை நீண்டு குறுக்குக்கோடு போலச் சேர்ந்திருக்கும். பட்டை அறுபடாத ஈயாக இருந்தால் காலைப் பாருங்கள். தொடைப் பகுதி கறையில்லாத மஞ்சள் என்றால் டார்சாலிஸ். கருந்திட்டுகள் தெரிந்தால் கேரியே. மூன்று ஜோடிக் கால்களையும் புரட்டிப் பார்த்த பிறகே பெயர் எழுதுங்கள்.

கேள்வி: பழத்தை வெட்டினால் புழுக்கள் இருக்கின்றன. புழுவை வைத்தே இனத்தைச் சொல்ல முடியாதா? (பெரியகுளம்)

பதில்: இந்த நெருங்கிய இனங்களில் வெறும் கண்ணாலும் கைலென்ஸாலும் முடியாது. வளர்த்து ஈயாக்கித்தான் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் 3 செ.மீ. உயரத்துக்குச் சலித்த மணலை லேசாக ஈரப்படுத்திப் பரப்பி, அதன்மேல் பழத்தை வையுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். மூடி போட்டு இறுக்கினால் பழம் விடும் நீர் தேங்கிப் பூஞ்சை பிடித்து, புழு மூச்சடைத்துச் சாகும். ஒரு டப்பாவுக்கு ஒரே பழம். மாவும் கொய்யாவும் ஒன்றாகக் கிடந்தால் எந்த ஈ எதிலிருந்து வந்தது என்ற பதிவே வீணாகும்.

முதிர்ந்த புழு மணலுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். நம் வெயிலில் ஏறத்தாழ பத்து நாளில் ஈ வெளிவரும். வந்த அன்றே கொன்றுவிடாதீர்கள்! புது ஈயின் உடல் வெளுத்திருக்கும், தொடைத் திட்டும் சரியாகத் தெரியாது. கேரியே டார்சாலிஸாகப் பதிவாகிவிடும். சர்க்கரையும் நனைத்த பஞ்சும் வைத்து நான்கைந்து நாள் உயிரோடு விடுங்கள், நிறம் ஏறட்டும். மணலிலிருந்து சிறு குளவிகள் வந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள். அவை பழ ஈயின் ஒட்டுண்ணிகள், நமக்கு வேண்டியவை.

கேள்வி: பழைய நூலில் பாபாயே, இன்வேடன்ஸ், பிலிப்பினென்சிஸ் என்று தனி இனங்கள் இருக்கின்றன. புதிய பட்டியலில் காணோமே? (கோவை, வேளாண் மாணவி)

பதில்: மூன்றும் இப்போது டார்சாலிஸ்தான். 1994-இல் ட்ரூ, ஹான்காக் என்ற பூச்சி வகைப்பாட்டாளர்கள் இருவரும் டார்சாலிஸ் கூட்டத்தில் (டார்சாலிஸும் அதை ஒத்த நெருங்கிய இனங்களும்) ஏராளமான புதிய இனங்களைப் பிரித்துப் பெயரிட்டார்கள். பாபாயேயும் பிலிப்பினென்சிஸும் அப்போது வந்தவை. 2003-இல் கென்யாவில் தென்பட்ட ஈக்கு 2005-இல் இன்வேடன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு இவற்றை டார்சாலிஸோடு இணைசேர விட்டபோது தடையின்றிச் சேர்ந்தன, குஞ்சுகளும் இனவிருத்தி செய்தன. மரபணு, உடலமைப்பு, ஆண் ஈயின் வாசனைப்பொருள் எல்லாம் ஒத்துப்போகவே, 2015-இல் ஒரே இனமாக்கினார்கள். அதே கூட்டத்தைச் சேர்ந்த காரம்போலே மட்டும் தனி இனமாகவே நிற்கிறது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு இனத்தின் பெயரை வைத்தே போடப்படுவதால் இது வெறும் பெயர்ச் சண்டையல்ல. பழைய பதிவுகளைப் படிக்கும்போது பெயரோடு ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆல்கஹாலில் போட்டு வைத்த ஈக்கள் நிறம் மங்கிவிட்டன. என்ன செய்வது? (தேனி)

பதில்: ஆல்கஹாலில் மஞ்சள் பட்டைகள் வெளுப்பது இயல்பு, மீட்க முடியாது. உருவத்தைப் பார்த்து அறிய வேண்டிய ஈக்களை ஊசியில் குத்திக் காயவைத்து, பூச்சிப்பெட்டியில் வையுங்கள். மரபணுச் சோதனைக்கு மட்டும் சிலவற்றை 95 சதவீத ஆல்கஹாலில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். ஊசியில் குத்திய ஈயின் ஒரு காலே அந்தச் சோதனைக்குப் போதும். பொறியிலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறையாவது எடுத்துவிடுங்கள். தாமதித்தால் எறும்பு முதலில் காலைத்தான் தூக்கிப் போகும், தொடையில்லாத ஈயை டார்சாலிஸ் என்றோ கேரியே என்றோ சொல்ல வழியில்லை.

கேள்வி: பாகற்காயைத் துளைக்கும் ஈ இந்தப் பொறியில் விழவில்லையே? (ஒட்டன்சத்திரம்)

பதில்: விழாது. அது குகுர்பிட்டே என்ற வேறு இனம், கியூ லூர் என்ற வேறொரு கவர்ச்சிப்பொருள் வைத்த பொறிக்குத்தான் வரும். முதுகின் நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு, இறக்கையின் குறுக்கு நரம்பின்மேல் கரும்பட்டை என்று எளிதில் அடையாளம் காணலாம். இரண்டு மருந்தையும் ஒரே பொறியில் வைக்காதீர்கள், எந்த ஈ எதற்கு வந்தது என்பது தெரியாமல் போகும்.