காசு கொடுத்து வரைவித்த ஸ்கெட்ச்: தாள் உங்களுடையது, படம் யாருடையது?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பிடித்த திரைப்படப் பாத்திரங்களை ஓவியர்களிடம் சொல்லி வரைவித்துச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. கொட்டாஞ்சேனை ஓவியர் ஒருவரிடம் ஏ3 அளவில் எட்டு சார்கோல் ஸ்கெட்ச், ஒன்று 6,000 ரூபாய் என்று வட்ஸ்அப்பில் பேசி, இதுவரை 42,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். ஆறு வந்துவிட்டன. மிச்சம் இரண்டும் நாலு மாதமாக வரவில்லை. இதற்கிடையில் எனக்கு வரைந்த அதே படங்களைப் பிரிண்ட் எடுத்தும் ரீசேர்ட்டில் அடித்தும் அவர் விற்கிறார். என் காசில் வரைந்ததை அவர் விற்கலாமா? பம்பலப்பிட்டியில் கஃபே தொடங்கும் நண்பர் இவற்றைச் சுவரில் மாட்டத் தரச் சொல்கிறார். இன்ஸ்டகிராமிலும் போட்டிருக்கிறேன். படக் கம்பனியால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் நீங்கள் நினைக்கும் பக்கம் நிற்கவில்லை. காசு கொடுத்தால் வாங்குபவருக்குச் சொந்தமாவது தாளும் அதிலுள்ள கரியும் மட்டும்தான். அந்தப் படத்தைப் பிரதி எடுக்கும், விற்கும், வெளியிடும் உரிமை வேறு. அது காசோடு சேர்ந்து கைமாறுவதில்லை.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 14 ஆம் பிரிவின்படி ஒரு படைப்பின் பொருளாதார உரிமைகளின் முதல் உரித்தாளர் அதைப் படைத்தவரே. சம்பளத்துக்கு வேலை செய்பவர் தன் வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை முதலாளிக்குப் போகும். உங்கள் ஓவியர் உங்கள் ஊழியர் அல்லர், கூலிக்கு ஒரு வேலையை ஏற்றுக்கொண்டவர். “ஓடர் கொடுத்தவருக்கே உரிமை” என்ற ஏற்பாடு எங்கள் சட்டத்தில் இல்லை. உரிமையை வாங்க வேண்டுமானால் 16 ஆம் பிரிவின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். எந்த உரிமை என்று பெயர் சொல்லி எழுதாதது கைமாறியதாகக் கொள்ளப்படாது. “முழுக்க உங்களுக்குத்தான் அண்ணா” என்று வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவை வைத்துப் பதிப்புரிமை கோரிப் போனால் வாசலிலேயே நின்றுவிடும்.

அப்படியானால் அவர் ரீசேர்ட் அடித்து விற்பது சரியா? அதுவும் இல்லை. படத்துக்கு மேலே இன்னொரு பூட்டு இருக்கிறது. திரைப்படத்தின் உரிமை தயாரிப்பாளருக்கு உரியது; அதைத் தழுவி மாற்றுவதும் அவருடைய உரிமை. தாடி வைத்த கிராமத்து வீரன் என்ற எண்ணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் அந்தப் படத்தில் வரும் அதே முகம், அதே உடுப்பு, அதே ஆயுதம் என்று பார்த்தவுடன் ஆளைச் சொல்லும்படி வரைந்தால் அது தழுவல்தான். ஓவியரின் கைத்திறனுக்குத் தனியாகப் பாதுகாப்பு இருந்தாலும் மூலப் படைப்பின் உரிமைக்கு அதனால் குறைவு வராது. இந்தியப் படம், ஹொலிவூட் படம் என்றும் தப்ப முடியாது. பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பேர்ன் சமவாயத்தில் இலங்கை 1959 முதல் இருக்கிறது. அந்த நாடுகளின் படங்களுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. திரைப்படத்துக்கு அது 70 ஆண்டு.

“ரசிகர் வரைந்தது, பதிப்புரிமை உரியவருக்கே” என்று அடியில் ஒரு வரி போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 11 ஆம் பிரிவின் நியாயமான பயன்பாடு விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றை மனதில் வைத்தது. நோக்கம் வணிகமா, எவ்வளவு எடுக்கப்பட்டது, மூலத்தின் சந்தை பாதிக்கப்படுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். அந்த அடிவரி இவற்றில் எதையும் மாற்றாது. 12 ஆம் பிரிவு சொந்தத் தேவைக்கு ஒரேயொரு பிரதியை அனுமதிக்கிறது. ஆனால் தானே தனக்காக எடுப்பவரைத்தான் அது சொல்கிறது. 6,000 ரூபாய் வாங்கி இன்னொருவருக்கு வரைபவரை அதற்குள் அடக்குவது கடினம்.

இனி உங்கள் நிலை. வீட்டுச் சுவரில் தொங்கும் ஆறு தாளைத் தேடி எந்தக் கம்பனியும் வராது. சட்டத்தின் கூர்மை வணிகத்தின் மேல்தான். 178 ஆம் பிரிவின்படி உரிமை மீறிய பிரதி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை விற்பதும் விற்பனைக்காக வைத்திருப்பதும் குற்றம். நீதவான் நீதிமன்றத்தில் 500,000 ரூபாய் வரை தண்டப்பணம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த ஆபத்து இன்றைக்கு ஓவியரின் தலையில் இருக்கிறது. நீங்களும் ஸ்கான் எடுத்துப் பிரிண்ட் விற்றால் உங்கள் தலைக்கும் வரும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “காசைத் தராவிட்டால் படக் கம்பனிக்கு எழுதிப் போடுவேன்” என்று ஓவியருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். பயமுறுத்திப் பணம் கேட்டதாக அது உங்கள் மேலேயே திரும்பலாம். அதோடு, வரையச் சொன்னதே நீங்கள்தான்.

கஃபே விடயம் கொஞ்சம் நுணுக்கமானது. படைத்தவரே விற்ற மூலத்தை அவருடைய அனுமதி இல்லாமல் பொதுவில் காட்சிக்கு வைக்கச் சட்டம் இடமளிக்கிறது. திரையிலோ கருவி மூலமோ காட்டுவதற்கு இடமளிக்கவில்லை. எனவே ஓவியரைப் பொறுத்தவரை நீங்கள் வாங்கிய தாளைச் சுவரில் மாட்டலாம். அதையே கஃபே டீவியில் ஓட விடுவதும் இன்ஸ்டகிராமில் போடுவதும் வேறு கதை. அதற்கு ஓவியரின் அனுமதி வேண்டும். படக் கம்பனியின் பக்கம் பார்த்தால், சுவரில் இரண்டு சட்டகம் தொங்குவது ஒன்று, கடைக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரை வைத்து மெனுவிலும் கோப்பையிலும் படத்தை அச்சிடுவது இன்னொன்று. இரண்டாவதில் வணிகச் சின்னப் பிரச்சினையும் சேரும். நண்பர் பெயர்ப்பலகை அடிக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்ஸ்டகிராமில் ஏற்கெனவே போட்டதற்கு ஓவியரின் அனுமதியைக் கேட்டு, அவருடைய பெயரையும் சேருங்கள். 10 ஆம் பிரிவின் ஒழுக்க உரிமைப்படி தன் பெயர் குறிப்பிடப்படுவதும், படைப்பு சிதைக்கப்படாமல் இருப்பதும் அவருடைய உரிமை. காசு கொடுத்ததால் அது போய்விடாது. சட்டகம் அடிக்கும் கடையில் கையொப்பம் உள்ள ஓரத்தை வெட்டிவிடுவார்கள். வெட்ட வேண்டாம், மவுன்ட் அட்டைக்குள் மறைந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கையொப்பம் போன ஸ்கெட்சை நாளைக்குக் கைமாற்றப் போனால் விலையும் போய்விடும்.

உங்கள் கையில் உண்மையில் இருக்கும் வழக்கு ஒப்பந்த மீறல். கணக்கைச் சரியாகப் போடுங்கள்: ஆறு ஸ்கெட்சுக்கு 36,000 ரூபாய்; மேலதிகமாகப் போனது 6,000. முழு 42,000 ரூபாயையும் கேட்டுக் கடிதம் அனுப்பினால் உங்கள் கோரிக்கையே பலவீனப்படும். “வேறு யாருக்கும் இதே படம் தர மாட்டேன்” என்று அவர் எழுதியிருந்தால், பதிப்புரிமை இல்லாவிட்டாலும் அந்த வாக்கை மீறியதற்கு நட்டஈடு கேட்கலாம். பழைய உரையாடலை அதற்காகத் தேடிப் பாருங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இத்தகைய செய்திகளை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. உரையாடலை முழுமையாக ஏற்றுமதி செய்து, பழைய போனை விற்காமல், வங்கிப் பற்றுச்சீட்டுகளோடு வையுங்கள்.

முதலில் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம்: 14 நாளுக்குள் இரண்டு ஸ்கெட்சும் வேண்டும், அல்லது 6,000 ரூபாய் திரும்ப வேண்டும். பதில் வராவிட்டால் அவருடைய பகுதி மத்தியஸ்த சபை. இந்த அளவு தொகைக்கு அங்கே போகாமல் நேரே நீதிமன்றம் ஏற முடியாது. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். நீங்களே நேரில் போக வேண்டும், சட்டத்தரணி தேவையில்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டும் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டும் வழக்கிடக் காலமுண்டு. வட்ஸ்அப் பேச்சு எந்த வகை என்று வாதாடிக்கொண்டிராமல் மூன்றுக்குள் முடியுங்கள்.

அடுத்த ஓவியரிடம் போகும்போது ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை ஸ்கெட்ச், எந்த அளவு, தாளின் கனம் எத்தனை ஜிஎஸ்எம், எந்தக் காட்சி, எத்தனை முறை திருத்தம், எந்தத் திகதி. காசை ஸ்கெட்ச் கைக்கு வர வரப் பிரித்துக் கொடுங்கள். பெரிய ஸ்கான் கோப்பு யாரிடம் இருக்கும், அவர் பிரிண்ட் போடலாமா, நீங்கள் இணையத்தில் போடலாமா என்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். உரிமை முழுவதையும் கேட்டால் விலை ஏறும். சேர்ப்பவருக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. “இதே ஸ்கெட்சை மறுபடி வரையவோ பிரதி எடுக்கவோ மாட்டேன்” என்ற ஒரு வரி போதும்.