பயன்படுத்திய சமையல் எண்ணெயை டீசலில் நேரடியாகக் கலக்கலாமா?

பஜ்ஜிக் கடைகளில் மிஞ்சும் எண்ணெயை வடிகட்டி அப்படியே டீசலில் ஊற்றலாமா என்று காசிமேட்டு விசைப்படகுக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊற்றக்கூடாது. தாவர எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு பாகுத்தன்மை உடையது; இன்ஜெக்டரால் அதை நுண்துளிகளாகத் தெளிக்க இயலாமல், முழுமையாக எரியாத பகுதி கரியாகப் படியும்.

அதே எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து, கிளிசராலைப் பிரித்தபின் கிடைக்கும் மெத்தில் எஸ்டரே பயோடீசல். டீசலில் 5 விழுக்காடு பயோடீசல் கலப்பதை 2030ஆம் ஆண்டுக்கான இலக்காக 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை அறிவித்தது.

ஆனால் இந்த எஸ்டர், டீசலைவிட அதிகமாக ஈரத்தை உறிஞ்சும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாதி நிரம்பிய டேங்குடன் படகு கட்டிக் கிடந்தால், கடற்காற்றின் ஈரம் டேங்கின் அடியில் நீராகத் தங்கி, அங்கே நுண்ணுயிர்கள் வளர்ந்து ஃபில்டரை அடைக்கக்கூடும். பழைய டேங்கின் கசடையும் பயோடீசல் கரைத்து இழுத்துவரும் (பங்க்காரரைத் திட்டுவதற்கு முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்).

மணலியில் உள்ளதைப் போன்ற சுத்திகரிப்பு ஆலைகள் டீசலின் கந்தகத்தை நீக்கக் கையாளும் ஹைட்ரஜன் முறையைத் தாவர எண்ணெய்க்கும் கையாண்டால், ஆக்சிஜன் நீங்கி, டீசலையே ஒத்த ஹைட்ரோகார்பன் கிடைக்கும்; அதில் இச்சிக்கல்கள் பெரிதும் இல்லை, விலைதான் கூடுதல்.