சிம்மில் வைத்தும் சூடு குறையாத கேஸ் ஸ்மோக்கர்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். கொல்லைப்புறத்தில் புரொப்பேன் ஸ்மோக்கர் (மரப்புகையில் இறைச்சியை மெல்ல வேகவைக்கும் கேஸ் பெட்டி) வைத்திருக்கிறேன். நாபை சிம்முக்குத் திருப்பினாலும் கதவு மீட்டர் 280 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. பிரிஸ்கெட்டுக்கு, அதாவது மாட்டின் மார்புப் பகுதி இறைச்சிக்கு, 225 வேண்டும். ரெகுலேட்டரை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் 150 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ரெகுலேட்டரில் கோளாறு என்றால் பெரும்பாலும் தீ சிறுத்துத்தான் எரியும். உங்களுக்கோ அளவுக்கு மேல் நன்றாக எரிகிறது.

இந்த 'மாற்றித் தருகிறேன்' ஆட்களிடம் பெரும்பாலும் இருப்பது குமிழ் வைத்த ஹை பிரஷர் ரெகுலேட்டர். உங்கள் பக்கம் கிராஃபிஷ் என்ற நன்னீர் இறாலை அவிக்கிறார்களே, அந்தப் பெரிய அடுப்புகளுக்கானது. ஸ்மோக்கரோடு வந்த ரெகுலேட்டர் கேஸை அரை பிஎஸ்ஐக்கும் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு) குறைந்த அழுத்தத்தில் விடுகிறது. அவர் மாட்டப்போவது 20, 30 பிஎஸ்ஐ வரை விடும். 'குமிழைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாம் சார்' என்பார். சிம்முக்கு வேண்டியது அந்தக் குமிழின் ஓட்டத்தில் ஒரு மயிரிழை. கை பட்டு அது நகர்ந்தால் உங்கள் பர்னருக்குத் தாங்காது. அப்போது அவர் போனை எடுக்கமாட்டார். பர்னர் துளையை மாற்றித் தருகிறேன் என்பவர்களும் இதே ரகம்தான்.

முதலில் 280 என்பது உண்மையா என்று பாருங்கள். கதவு மீட்டர் பத்து இருபது டிகிரி பொய் சொல்வது சாதாரணம். ஒரு டிஜிட்டல் புரோபை (கம்பி முனையில் சூட்டை அளக்கும் தெர்மாமீட்டர்) கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். ஹூஸ்டன் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் 212 காட்ட வேண்டும். அதை இறைச்சி வைக்கும் கம்பித்தட்டின் உயரத்தில் மாட்டி மறுபடி பாருங்கள். தண்ணீர்த் தட்டு நிறையத் தண்ணீர் இருக்கட்டும். மரச்சில்லு புகையாமல் தீப்பிடித்தாலும் சூடு ஏறும். மூடி இறுக்கமான இரும்புப் பெட்டியில் போடுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சூட்டைக் குறைக்க மேலே உள்ள புகைவாயை மூடுவது. தீ காற்றில்லாமல் திணறிக் கரியும் கார்பன் மோனாக்சைடும் வரும், இறைச்சி கசக்கும்.

இத்தனைக்குப் பிறகும் இறங்கவில்லையென்றால் வேண்டியது ஒரு நீடில் வால்வு, கேஸ் ஓட்டத்தை நுணுக்கமாகக் குறைக்கும் திருகு. ரெகுலேட்டருக்கும் பர்னருக்கும் நடுவே, ஓஸில் வரும். கேஸுக்கென்று விற்கும் வால்வாகவே வாங்குங்கள், தண்ணீர்க் குழாய்க்கானது வேண்டாம். மாட்டியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். வால்வை முழுக்கத் திறந்து பற்றவையுங்கள். பிறகு நாபை சிம்முக்குக் கொண்டுவந்து, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். ஒவ்வொரு திருகலுக்கும் கால் மணி நேரம் பொறுங்கள். பர்னரைச் சுற்றி நீலத் தீ முழு வளையமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அணைகிறதென்றால் அதற்கு மேல் குறைக்காதீர்கள்.

உங்கள் ஸ்மோக்கரில் நாபை அழுத்திப் பிடித்துப் பற்றவைத்து, சில விநாடி கழித்துத்தான் கையை எடுக்க முடிகிறதா? அப்படியென்றால் பர்னர் பக்கத்தில் தெர்மோகப்பிள் என்ற சிறு கம்பி இருக்கும். தீ அதைச் சுட்டுக்கொண்டே இருந்தால்தான் கேஸ் வரும். தீ சிறுத்துக் கம்பியைத் தொடாமல் போனால் கேஸ் தானாக நிற்கும். 'வால்வு வாங்கி ஏமாந்தேன், அணைந்து அணைந்து போகிறது' என்று எழுதுகிறவர்கள் பலருக்கும் நடப்பது இதுதான். வால்வில் தப்பில்லை, தீ கம்பியைத் தொடும் அளவுக்குத் திரும்பத் திறங்கள், உங்கள் பெட்டியின் அடிமட்டச் சூடு அவ்வளவுதான். கம்பியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்புங்கள். அந்தக் கம்பியே இல்லாத பெட்டிகளில் நிலைமை இன்னும் மோசம்: காற்றில் தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, பெட்டியின் அடியில் தங்கும். சிலிண்டரை மூடி, கதவை விரியத் திறந்துவைத்து, சில நிமிடம் விட்டே மறுபடி பற்றவையுங்கள்.

இத்தனையும் வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது. பர்னரின் வெப்பத்திறன் எத்தனை பிடியூ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், சிம்மில் எத்தனை டிகிரி என்று ஒரு வரி எழுதமாட்டார்கள். வால்வு மாட்டினால் வாரண்டி போகும் என்று சொல்ல மட்டும் தெரிகிறது. அதை அவர்களே மாட்டி அனுப்பினால் விலை எவ்வளவு கூடிவிடும்?

225-ஐ வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்சஸில் பிரிஸ்கெட்டை 250, 275-இல் போடுகிறவர்கள் ஏராளம். புரோப் 250 காட்டினால் வால்வே வாங்காதீர்கள். இறைச்சியின் உள்ளே 195 முதல் 205 வரை ஏறி, குத்திப் பார்க்கும் கம்பி தடையில்லாமல் இறங்கினால் இறைச்சியை எடுத்துவிடலாம்.