குழந்தைகள், இளையோர், குடும்பங்களுக்கான ஆதரவுப் பணி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குழந்தைகள், இளையோர், குடும்பங்கள் ஆகியோருக்குத் துணைநிற்கும் பணியில் சேர விரும்புவோரும், அதற்கான பயிற்சியில் இப்போது இருப்போரும் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டேன். ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடித்தால் இத்துறையில் வேலை செய்ய முடியுமா?

முடியும். குழந்தைகள் இல்லங்களில் பராமரிப்பாளர், இளைஞர் மையங்களில் உதவிப் பணியாளர், குடும்பங்களை வீடு தேடிச் சென்று சந்திக்கும் களப்பணியாளருக்குத் துணையாள் என்ற நிலைகளில் சான்றிதழோ பட்டயமோ பெற்றவர்களே பெரும்பாலும் பணியாற்றுகிறார்கள். உளவியல் சிகிச்சை அளிப்பது, ஒரு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் பரிந்துரைப்பது போன்ற பொறுப்புகளுக்குப் பட்டமும் பல நாடுகளில் தனிப் பதிவும் வேண்டும்.

குழந்தைகள் மீதான பிரியம் இப்பணிக்கு வேண்டியதுதான். ஆயினும் நீங்கள் நாள்தோறும் பேசப்போவது பெரும்பாலும் பெரியவர்களிடம்: வேலையை இழந்துவிட்டு வீட்டில் எரிந்து விழும் தந்தை, குடிப்பழக்கத்தை மறைக்கும் தாய், பேரனைத் தனியாளாக வளர்க்கும் பாட்டி, பொறுமையிழந்த ஆசிரியர். பெற்ற பிள்ளையை அடித்த ஒருவரோடு ஒரே அறையில் அமர்ந்து, அவர் செய்ததை ஏற்காமலும் அவரை இழிவுபடுத்தாமலும் பேச உங்களால் இயலுமா என்று யோசித்துப் பாருங்கள். அது பழகக்கூடிய திறன். ஆனால் பழகித்தான் ஆக வேண்டிய திறன்.

கேள்வி: பல நிறுவனங்கள் இப்படிப்பை விளம்பரம் செய்கின்றன. முழுவதும் இணையவழியில் நடத்துவதாகச் சில நிறுவனங்கள் சொல்கின்றன. எதை நம்பிச் சேர்வது?

குழந்தை வளர்ச்சி, சட்டம், குழந்தை உரிமை ஆகியவற்றை இணையவழியில் நன்றாகவே கற்கலாம். கேட்ட கேள்விக்கு ஒரு பதின்வயதுப் பையன் பதினைந்து நிமிடம் வாய் திறக்காமல் இருக்கும்போது என்ன செய்வது என்பதைத் திரையில் கற்க முடியாது. ஆகவே, களப்பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே, யாருடைய மேற்பார்வையில் என்பதை முதலில் கேளுங்கள். இடத்தை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும் என்றும், கடைசியில் ஒரு கையெழுத்து வாங்கி வந்தால் போதும் என்றும் சொன்னால் அந்தச் சான்றிதழால் பயனில்லை. பயிற்றுநர்கள் இத்துறையில் வேலை பார்த்தவர்களா என்று விசாரியுங்கள். இன்னொன்று: குழந்தைகளிடம் உங்களை அனுப்புவதற்கு முன் உங்கள் பின்னணியைச் சரிபார்க்கக் கேட்காத நிறுவனம் குழந்தைப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் நடத்தத் தகுதியற்றது என்பதே எம் கருத்து.

கேள்வி: எனக்கு அடுத்த மாதம் களப்பயிற்சி தொடங்குகிறது. ஒரு குழந்தை, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, ஒண்ணு சொல்றேன்” என்று கேட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

சத்தியம் செய்யக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை. அதே நேரத்தில் குழந்தையின் வாயை அடைத்துவிடவும் கூடாது. ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: “நீ சொல்றதை நான் முழுசாக் கேட்பேன். உனக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னு தெரிஞ்சா, உன்னைப் பாதுகாக்கக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கும். யார்கிட்டன்னு உன்கிட்ட முதல்லயே சொல்லிடுவேன்.” அப்படிச் சொன்னால் அந்தக் குழந்தை பேசாமலே போய்விடாதா என்று நீங்கள் கேட்கலாம். சில நேரங்களில் போய்விடும். சில நாள் கழித்துத் திரும்பி வரவும் கூடும். ஏற்கெனவே ஒரு பெரியவரின் பேச்சை நம்பிக் கெட்ட குழந்தையிடம் இரண்டாவது பெரியவரும் வாக்கை மீறினால், அந்தக் குழந்தை மூன்றாவது ஒருவரிடம் வராது.

பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். “அப்புறம் என்ன நடந்துச்சு?” “அதைப் பத்தி இன்னும் சொல்லு” என்ற வகைக் கேள்விகள் போதும். “மாமா உன்னைத் தொட்டாரா?” என்று பதிலை உள்ளே வைத்துக் கேட்கக் கூடாது. பெரியவர் எதிர்பார்க்கும் பதிலைக் கணித்துச் சொல்லும் இயல்பு குழந்தைகளுக்கு உண்டு. மேலும், நீங்கள் ஊட்டிய சொல் ஒன்று அதில் கலந்துவிட்டால் பின்னர் நடக்கும் விசாரணையில் குழந்தை சொன்ன உண்மையும் ஐயத்துக்கு உள்ளாகும். “ஏன் முன்னாடியே சொல்லல?” என்பது குற்றம்சாட்டும் கேள்வி, அதையும் தவிர்க்க வேண்டும். அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் இருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான், வகுப்பில் நடிப்புப் பயிற்சி வைப்பதே இதற்காகத்தான்.

நடந்ததா இல்லையா என்று கண்டறிவது உங்கள் வேலையன்று. குழந்தை பயன்படுத்திய சொற்களை, அவை கொச்சையாக இருந்தாலும், மாற்றாமல், நேரத்தோடு குறித்து, அன்றைக்கே பொறுப்பாளரிடம் தெரிவிப்பதும், குழந்தை அன்றிரவு பாதுகாப்பான இடத்தில் இருக்குமா என்று கேட்டு உறுதிசெய்வதுமே உங்கள் வேலை. குற்றம்சாட்டப்பட்டவரிடம் போய் நியாயம் கேட்டால், அன்றிரவு அந்தக் குழந்தை தனியாக அவரை எதிர்கொள்ள நேரிடலாம். எவரெவர் கட்டாயமாகப் புகார் அளிக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் அளிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். களப்பயிற்சியின் முதல் நாளே, “இப்படி ஒன்று நடந்தால் நான் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் இல்லாத நாளில் யாரிடம்?” என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுச் சந்திப்புக்குப் பின் நான் எழுதும் குறிப்புகளை, “தீர்ப்பு எழுதாதே” என்று சொல்லிப் பயிற்றுநர் திருப்பித் தருகிறார். எது தவறு என்று புரியவில்லை.

நீங்கள் அனுப்பிய குறிப்பு இது: “தாய் அலட்சியமானவர். வீடு அலங்கோலமாக இருந்தது. மகன் பயந்துபோயிருந்தான்.” இம்மூன்று வாக்கியங்களிலும் நீங்கள் கண்டது ஒன்றுகூட இல்லை, கண்டதிலிருந்து நீங்கள் எட்டிய முடிவுகளே இருக்கின்றன. நீங்கள் கடிதத்தில் விவரித்ததை வைத்து அதே சந்திப்பை இப்படி எழுதலாம்: “பகல் 11.20 மணி. கதவைத் திறந்தது ஆறு வயது மகன். தாய் கட்டிலில் படுத்திருந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றார். அடுப்படியில் கழுவாத பாத்திரங்கள் கிடந்தன. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு மகன், ‘பிஸ்கட்’ என்றான். நான் தாயிடம் பேசிய நேரம் முழுவதும் அவன் கதவருகிலேயே நின்றான்.”

முதல் குறிப்பைப் படிக்கும் மேலதிகாரிக்கு அலட்சியமான ஒரு தாய் தென்படுகிறார். இரண்டாவதைப் படிப்பவருக்கு மருத்துவரும், சில நாளைக்குச் சமைத்துத் தர ஒருவரும் தேவைப்படும் ஒரு வீடு தென்படலாம். அல்லது காய்ச்சல் என்று சொல்லி வேறெதையோ மறைக்கும் ஒருவரும் தென்படலாம். இரண்டுக்கும் இடம் விட்டு எழுதுவதே குறிப்பு. வறுமையையும் புறக்கணிப்பையும் பிரித்தறிவதில் இப்பணி மீண்டும் மீண்டும் தடுமாறியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2009-இல் ஏற்றுக்கொண்ட, பெற்றோரின் பராமரிப்பு இல்லாத குழந்தைகளை வளர்ப்பது பற்றிய மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், வறுமையை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது அதனால்தான். உங்கள் கருத்தை எழுதவே கூடாது என்பதில்லை. அதைத் தனிப் பத்தியில், கருத்து என்று குறிப்பிட்டு, எதனால் அப்படித் தோன்றியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தாய் ஒருநாள் இக்கோப்பைப் படிக்கக் கேட்கலாம் என்ற எண்ணத்தோடு எழுதினால் நடை தானாகவே சீராகிவிடும்.

கேள்வி: பயிற்சியில் கோட்பாடுகளுக்கு இவ்வளவு நேரம் செலவிட வேண்டுமா? அனுபவத்தில் கற்கக் கூடாதா?

அனுபவம் மட்டும் இருந்தவர்கள்தான் பெரிய விடுதிகளில் பச்சிளங்குழந்தைகளை வரிசையாகக் கட்டிலில் போட்டு, வேளைக்குப் பால் புகட்டினால் போதும் என்று பல காலம் நம்பினார்கள். பிரித்தானிய உளநல மருத்துவர் ஜான் போல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கை, ஒரு குழந்தைக்கு நிலையாக உடனிருக்கும் ஒருவரின் பராமரிப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை முன்வைத்தது. 2000-இல் ருமேனியாவின் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வில், விடுதிகளில் இருந்த 136 இளங்குழந்தைகளுள் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் அறிவு வளர்ச்சி விடுதியிலேயே தொடர்ந்தவர்களைவிட மேம்பட்டது, இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குச் சென்றவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. இதை அறிந்த பணியாளர், புதிய வீட்டுக்கு வந்த குழந்தை வளர்ப்புத் தாயைக் கடித்துத் தள்ளும்போது “அடங்காத பிள்ளை” என்று எழுத மாட்டார். தான் முன்பு நம்பியவர்கள் எல்லோரும் விட்டுப்போன ஒரு குழந்தை இவரையும் சோதித்துப் பார்க்கிறதோ என்று அந்தத் தாயிடம் பேசுவார். கோட்பாட்டின் பயன் அவ்வளவுதான், அதுவே போதுமானது.

கேள்வி: நானே ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். சிறு வயதில் துன்பம் அனுபவித்தவர்கள் இப்பணிக்கு வரக் கூடாது என்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. குழந்தைப் பருவத்துத் துன்பங்களுக்கும் பிற்கால நோய்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டி 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வைப் பலர் தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள். அது மக்கள் தொகுதியைப் பற்றிய கணக்கு. தனியொருவர் எப்படி ஆவார் என்பதற்கான ஜாதகமன்று. இரவில் இல்லத்தின் கதவு பூட்டப்படும் ஓசை எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: “எனக்கும் இப்படித்தான் இருந்தது” என்று குழந்தையிடம் உங்கள் கதையைச் சொல்லத் தோன்றும்போது, அது குழந்தைக்காகவா, உங்களுக்காகவா என்று நிதானியுங்கள். உங்களுக்காக என்றால் அதற்கான இடம் உங்கள் ஆலோசகரின் அறை.

கேள்வி: பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. வீட்டுக்கு வந்தும் அந்தக் குழந்தைகளின் நினைவாகவே இருக்கிறது, தூக்கம் வருவதில்லை. நான் பலவீனமானவனா?

இல்லை. பிறர் பட்ட துன்பத்தை நாள்தோறும் கேட்பவர்களுக்கு அதே துன்பத்தின் அறிகுறிகள் தோன்றுவது நன்கு அறியப்பட்ட ஒன்று. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி இதைத் தனிமனிதச் சிக்கலாக மட்டும் பார்க்காதீர்கள்; ஒருவரிடம் எத்தனை குடும்பங்களை ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இது. கோப்புகளைச் சரிபார்ப்பதற்காக அன்றி, உங்களை வருத்தும் நிகழ்வுகளைப் பேசுவதற்கென்றே முறையான மேற்பார்வை நேரம் வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்த வேலைக்கான நேர்காணலுக்குச் சென்றால் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.