விடைப் பக்கத்துல கட்டைவிரல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்க சைட்டை ரெண்டு வருஷமா படிக்கிறேன். கதையை விட நீங்க நடுநடுவுல கம்ப்யூட்டர் பத்தி எழுதுறதுதான் எனக்குப் புடிக்கும், தப்பா எடுத்துக்காதீங்க. நான் கடலூர் முதுநகர். இங்க பக்கத்துல ஒரு பிரைவேட் காலேஜ்ல பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சேன். கேட் எக்ஸாம், அதான் எம்.டெக் சேர எழுதுற நுழைவுத் தேர்வு, ஒரு தடவை எழுதி சரியா வரல, வர்ற பிப்ரவரிக்கு ரெண்டாவது தடவை.

பழைய கொஸ்டின் பேப்பர் எல்லாம் ரெண்டு ரவுண்டு முடிச்சிட்டேன். அது போக டெஸ்ட் சீரிஸ், யூடியூப் லெக்சர். எண்ணிப் பாத்தா 3000 கணக்குக்கு மேல வருது. ஒரு கணக்குக்கு 3 நிமிஷம்னு போன்ல டைமர் வெச்சிப்பேன், எக்ஸாம்ல 180 நிமிஷத்துக்கு 65 கேள்வி இல்லையா, அவ்ளோதான் கிடைக்கும். வரலன்னா சொல்யூஷன் பாத்துட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். இவ்ளோ பண்ணியும் மாக் டெஸ்ட்ல (மாதிரித் தேர்வு) 100-க்கு 40-ஐ தாண்ட மாட்டேங்குது, தப்பு விடைக்குக் கழிக்கிற நெகட்டிவ்லயே 8 மார்க் போகுது.

ஒரு உதாரணம் சொல்றேன். 6-ஆல வகுபடுற பைனரி நம்பர்களுக்கு (0, 1 மட்டும் வெச்சு எழுதுறது) மினிமம் டிஎஃப்ஏ-ல, அதாவது நம்பரை ஒவ்வொரு இலக்கமா படிச்சு வகுபடுமா இல்லையான்னு சொல்ற மிகச் சின்ன மெஷின்ல, எத்தனை ஸ்டேட் (நிலை) இருக்கும்னு ஒரு கேள்வி, நான் 6-னு போட்டேன், விடை 4. சொல்யூஷன் படிச்சப்போ நல்லா புரிஞ்சுது. ரெண்டு வாரம் கழிச்சு அதே கேள்வி 12-க்கு வந்துச்சு, 12-னு போட்டுட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல அக்கா.

இன்னும் எத்தனை கணக்கு போட்டா போதும்? மேத்ஸை விட்டுட்டு கோர் சப்ஜெக்ட் மட்டும் பாக்கலாமா? அப்பா சென்னைக்கு வேலைக்குப் போன்னு சொல்லிட்டே இருக்காரு.

ச., கடலூர் முதுநகர்

*

அன்புள்ள தம்பி,

கதையை விடன்னு எழுதிட்டு தப்பா எடுத்துக்காதீங்கன்னா எப்படி, கொஞ்சம் தப்பாத்தான் எடுத்துக்கிட்டேன். பரவால்ல.

நான் இந்த எக்ஸாம் எழுதினது 2009-ல, அப்போ ஓஎம்ஆர் ஷீட்ல பென்சிலால வட்டம் ரொப்பணும், கால்குலேட்டர் நம்மளே எடுத்துட்டுப் போலாம். பாண்டி லாஸ்பேட்டை வீட்டு மொட்டை மாடியில உக்காந்து படிப்பேன். என்கிட்ட இருந்தது ஒரே ஒரு புக், பழைய கேள்வியெல்லாம் முன்னாடி, விடை விளக்கமெல்லாம் பின்னாடி, சீனியர் ஒருத்தர்கிட்டேர்ந்து வாங்கி ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டது. ஆறு மாசத்துல ஸ்பைரல் பிஞ்சு போச்சு, மறுபடி போட அதே கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்கார அண்ணன் புக்கை மேசையில தட்டி ஓரத்தை நேர் பண்ணிட்டு, பக்கவாட்டுல பாத்துட்டு, "இன்னாம்மா, பின்னாடிதான் நல்லா படிச்சிருக்க போல"ன்னாரு. பாத்தா நெஜந்தான், முன்னாடி முக்கால்வாசி பேப்பர் வெள்ளையா இருக்கு, பின்னாடி விடைப் பகுதி மட்டும் ஓரமெல்லாம் கறுத்துப் போயி கை அழுக்கு ஏறி கெடக்கு. கேள்வியைப் படிக்கும்போதே என் இடது கட்டைவிரல் விடைப் பக்கத்துல சொருகியிருக்கும், அது எனக்கே தெரியாம நடந்த பழக்கம். அந்த வருஷம் எனக்கு ரேங்க்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் வரல.

உன் கட்டைவிரல் இருக்குற எடம் அந்த 3 நிமிஷ டைமர். எக்ஸாம்ல 3 நிமிஷம்னா அது ஏற்கனவே பழகின கைக்குக் குடுக்குற நேரம். பழகுறதுக்கும் அதே 3 நிமிஷம்னு யாரு சொன்னா? மிருதங்கம் கத்துக்கிறவன் முதல் நாளே கச்சேரி வேகத்துல வாசிச்சா என்ன ஆகும், அந்தக் கதைதான். நீ 3000 கணக்கு போட்டேன்னு எழுதியிருக்க, நான் ஒண்ணு கேக்கறேன், விடையைப் பாக்காம வெள்ளைப் பேப்பர்ல பேனா வெச்சு கடைசி வரைக்கும் போனது அதுல எத்தனை? 500 தேறுமா? மிச்சம் 2500 சொல்யூஷன் நீ படிச்சிருக்க, அவ்ளோதான், படிச்சது புரிஞ்சும் இருக்கு, புரிஞ்சா சந்தோஷமா இருக்கும், அந்த சந்தோஷம்தான் ஆளை ஏமாத்துது.

உன் டிஎஃப்ஏ கணக்கையே எடுத்துக்கறேன், ஏன்னா அதுலயே எல்லாம் இருக்கு. பைனரி நம்பரை இடது பக்கத்துலேர்ந்து ஒவ்வொரு பிட்டா படிக்கிறோம். புதுசா ஒரு பிட் வந்தா பழைய மீதி ரெண்டு மடங்காகி, அதோட அந்த பிட் சேரும். 6-ஆல வகுத்தா மீதி 0-லேர்ந்து 5 வரைக்கும், அதனால 6 ஸ்டேட், இது வரைக்கும் எல்லாருக்கும் வரும். இப்ப பேப்பர்ல எழுதிப் பாரு. மீதி 1-ல நிக்கும்போது 0 வந்தா 2, 1 வந்தா 3. மீதி 4-ல நிக்கும்போது 0 வந்தா 8, அதாவது மீதி 2, 1 வந்தா 9, அதாவது 3. ரெண்டும் போற எடம் ஒண்ணு, ரெண்டுமே ஃபைனல் ஸ்டேட் (வகுபடும்னு சொல்ற நிலை, இங்க மீதி 0) இல்ல, அப்புறம் எதுக்கு தனித்தனியா, சேத்துடு. அதே மாதிரி 2-ம் 5-ம் சேரும். 0-வும் 3-ம் கூட ஒரே எடத்துக்குத்தான் போகுது, ஆனா 0 ஃபைனல், 3 இல்ல, அதனால சேக்க முடியாது. மொத்தம் 4. இத நீ சொல்யூஷன்ல படிச்சிருப்ப.

படிச்சிட்டு மூடிட்ட பாரு, அங்கதான் வேலையே ஆரம்பிக்குது. 6-ஐ அடிச்சிட்டு 12-னு எழுதி அங்கேயே போட்டிருக்கணும். இப்ப போடு. ஒரு மீதியும் அதோட 6 கூட்டின மீதியும் ஒரே எடத்துக்குப் போகும், 1-ம் 7-ம், 2-ம் 8-ம், இப்படி அஞ்சு ஜோடி சேரும், 0-வும் 6-ம் மட்டும் தனியா நிக்கும், மொத்தம் 7. விடை 7-னு எழுதிட்டு எழுந்து போறவங்கதான் நிறைய பேரு. ஆனா சேத்ததுக்கு அப்புறம் திரும்ப ஒரு தடவை பாக்கணும், ஏன்னா ரெண்டு ஸ்டேட் ஒண்ணானதால புதுசா இன்னும் சிலது ஒரே மாதிரி ஆகியிருக்கும். 1 போறது 2-க்கும் 3-க்கும். 4 போறது 8-க்கும் 9-க்கும், ஆனா 8-தான் இப்ப 2, 9-தான் இப்ப 3. அப்ப 1-ம் 4-ம் சேரும், அதே கணக்குல 2-ம் 5-ம் சேரும். கடைசியா மிஞ்சுறது 5. இத ஒரு தடவை கையால பண்ணவன் 12-னு எழுதவே மாட்டான், 7-னும் எழுத மாட்டான். அப்புறம் 4-க்குப் போடு, 3 வரும். 8-க்குப் போடு, 4 வரும். 5-க்கு 5-தான். இதுக்கு மேல நான் சொல்லல, இதுல என்ன ஒழுங்கு இருக்குன்னு உனக்கே தெரிஞ்சிடும், தானா தெரிஞ்சா மறக்காது.

இந்த ஒரு கணக்குக்கு நீ முக்கால் மணி நேரம் செலவு பண்ணுவ. டைமர் வெச்சவனுக்கு அது 15 கணக்கு. எனக்கு இந்த ஒண்ணு போதும்.

சில சப்ஜெக்ட்ல பேப்பர் கூட வேணாம், லேப்டாப்பே பேசும். ஃபோர்க் கேள்வி வரும்ல, ஓடிட்டு இருக்குற புரோகிராம், அதாவது பிராசஸ், தன்னையே இன்னொரு காப்பி எடுக்குறது, லூப் 2 தடவை சுத்துது, ஒவ்வொரு தடவையும் முதல்ல ஃபோர்க், அடுத்து ஒரு 'அ' பிரிண்ட் பண்ணி நியூலைன், மொத்தம் எத்தனை 'அ' வரும்னு. முதல் சுத்துல 2 பிராசஸ், ரெண்டாவதுல 4, அதனால 6 லைன். இத லினக்ஸ்ல நெஜமா அடிச்சு ஓட்டு, ஸ்க்ரீன்ல 6 லைன்தான் வரும். அதே புரோகிராமோட அவுட்புட்டை பைப் போட்டு லைன் எண்ணுற கமாண்டுக்கு அனுப்பு, 8-னு சொல்லும். நான் மொதல்ல பாத்தப்போ பேய் புடிச்சிருச்சோன்னு ஆயிட்டேன். விஷயம் என்னன்னா, டெர்மினலுக்கு, அதாவது ஸ்க்ரீனுக்குப் போகும்போது நியூலைன் வந்த உடனே பஃபர் (அவுட்புட் தற்காலிகமா தங்குற எடம்) காலி ஆயிடும், பைப்புக்குப் போகும்போது பஃபர் நிறையுற வரைக்கும் இல்லன்னா புரோகிராம் முடியுற வரைக்கும் வெளிய விடாது, ஃபோர்க் பண்ணும்போது பஃபர்ல கெடக்குற பழைய 'அ'-வும் சேந்து காப்பி ஆயிடுது. கடைசியில 4 பிராசஸ், ஆளுக்கு ரெண்டு, 8. எக்ஸாம்ல இத கேப்பானா மாட்டானான்றது எனக்கு முக்கியம் இல்ல, இத பாத்தவனுக்கு ஃபோர்க்னா என்னன்னு இனிமே யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒண்ணு மட்டும், ஃபோர்க்ல புதுசா பொறந்த சைல்ட் பிராசஸ் எத்தனைன்னு கேட்டா 3, மொத்த பிராசஸ் எத்தனைன்னு கேட்டா 4. இந்த ஒரு வார்த்தையில மார்க்கை விட்டுட்டு வந்தவங்களை வரிசையா நிக்க வெச்சா முதுநகர்லேர்ந்து மஞ்சக்குப்பம் வரைக்கும் நிக்கும்.

நெகட்டிவ் 8 மார்க்னு எழுதியிருக்க. அது எல்லாமே 2 மார்க் எம்சிக்யூன்னா (ஆப்ஷன்ல ஒண்ணை மட்டும் எடுக்குற கேள்வி) ஒரு தப்புக்கு மூணுல ரெண்டு மார்க், அதாவது 12 கேள்வி. 1 மார்க்குன்னா 24 கேள்வி. இவ்ளோ எடத்துல நீ ஆப்ஷனைப் பாத்து 'இது மாதிரிதான் இருந்துச்சு'ன்னு அடிச்சிருக்க. முதுநகர்ல பொறந்துட்டு செவுளைத் தூக்கிப் பாக்காம மீன் வாங்குவியா? நம்பர் டைப் பண்ற நேட் கேள்விக்கும், ஒண்ணுக்கு மேல விடை இருக்குற எம்எஸ்க்யூ-வுக்கும் நெகட்டிவ் கிடையாது, ஆனா எம்எஸ்க்யூ-ல எல்லா சரியான ஆப்ஷனையும் சரியா புடிச்சாத்தான் மார்க்கு, பாதி சரின்னு பாதி மார்க் தர மாட்டாங்க. அதனால வீட்ல பிராக்டிஸ் பண்ணும்போது எம்சிக்யூ-வையும் ஆப்ஷனை ஒரு அட்டையால மறைச்சு வெச்சிட்டுப் போடு. விடை வந்ததுக்கு அப்புறம் அட்டையை எடு. ஒரு வாரம் எரிச்சலா இருக்கும்.

யூனிட் விஷயத்துல நீ எப்படின்னு எழுதல, ஆனா எல்லாரும் விழுற குழி அது. மெமரின்னு வந்தா கேபின்னா 1024 பைட், நெட்வொர்க்ல எம்பிபிஎஸ்னு வந்தா செகண்டுக்கு 10 லட்சம் பிட். 1000 பைட் பாக்கெட்டை 1 எம்பிபிஎஸ் லிங்க்ல அனுப்ப 8 மில்லிசெகண்ட், பைட்டுக்கு 8 பிட்னு பெருக்க மறந்தவனுக்கு 1, அவன் விடையும் ஆப்ஷன்ல அழகா உக்காந்திருக்கும்.

மேத்ஸை விடவே விடாத. மேத்ஸ் 13 மார்க்குக்கு பக்கம், ஆப்டிட்யூட் 15, ரெண்டும் சேத்து 28. 40-ல நிக்கிற ஆளு 28-ஐ தொடாம போறேன்னு சொல்றது கடலூர்லேர்ந்து பாண்டிக்கு சிதம்பரம் வழியா போற மாதிரி. அதுவும் பிராபபிலிட்டி, லீனியர் அல்ஜீப்ரா எல்லாம் தினம் ரெண்டு கணக்கு போட்டா ரெண்டு மாசத்துல கைக்கு வர்ற விஷயம்.

இன்னொண்ணு, எக்ஸாம்ல ஸ்க்ரீன்ல இருக்குற கால்குலேட்டர்தான், மௌஸால ஒவ்வொரு பட்டனா அமுக்கணும். நேட் விடையும் அப்படித்தான், ஸ்க்ரீன் கீபேட்ல அடிக்கணும். கடைசி மாசம் அதுலயே பழகு. போன் கால்குலேட்டரை மறந்துடு.

அப்புறம் மழை. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, 2011 டிசம்பர் 30, 'தானே'ன்னு பேரு வெச்ச புயல் அன்னைக்கு நீ சின்னப் பையனா இருந்திருப்ப, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் நல்லா ஞாபகம் இருக்கும். பிப்ரவரி எக்ஸாமுக்கு ஐப்பசி கார்த்திகைதான் முக்கியமான நேரம், நம்ம ஊர்ல கரண்டும் நெட்டும் போறதும் அப்பதான். மழைக்கு முன்னாடியே ஒரு 200 கேள்வி பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிடு. விடையை பிரிண்ட் எடுக்காத! கரண்ட் இல்லாத அஞ்சு நாள் உனக்கு கிடைக்கிற வரம், யாரும் உனக்கு சொல்யூஷன் காட்ட முடியாது.

அப்பா விஷயம். அவர் கேக்கறது நியாயம், அவர்கிட்ட கோவப்படாத. உக்கார வெச்சு கணக்கு சொல்லு. கேட் ஸ்கோர் 3 வருஷத்துக்கு செல்லும், அதுல எம்.டெக் சீட் கிடைச்சா மாசம் 12,400 ரூபா உதவித்தொகை வரும், ரிசல்ட் மார்ச்ல. நம்ம பக்கமே என்ஐடி இருக்கு, பேருதான் என்ஐடி புதுச்சேரி, இருக்குறது காரைக்கால்ல, பாண்டியில வந்து பஸ் எறங்கி எங்க இருக்குன்னு தேடாத. மார்ச் வரைக்கும் டைம் குடுங்கப்பா, வரலன்னா ஏப்ரல்ல சென்னைக்கு பெட்டி கட்டறேன்னு சொல்லு, சொன்ன மாதிரி கட்டு. மூணாவது தடவைன்னு என்கிட்ட வந்து நின்னா நான் உங்க அப்பா கட்சி.

எத்தனை கணக்குன்னு கேட்டதுக்கு ஒரு நம்பர் வேணும்னா, தினம் 8. அதுல தப்பானதுக்கு அன்னைக்கே விளக்கம் பாக்காத, ஒரு ராத்திரி போகட்டும், மறுநாள் காலையில திரும்ப போடு, அப்பவும் வரலன்னா பாரு. பாத்துட்டு, எங்க சறுக்கினேன்னு ஒரு வரி நோட்டுல எழுது, கேள்வியில ஒரு நம்பரை மாத்தி இன்னொரு தடவை போடு. நோட்டு பழைய நோட்டா இருந்தா போதும்.

முதல் கணக்கு நானே தர்றேன். பைனரி நம்பர் 3-ஆல வகுபடணும், ஆனா 2-ஆல வகுபடக் கூடாது, மினிமம் டிஎஃப்ஏ. படம் வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பு, எத்தனை ஸ்டேட்னு நம்பர் மட்டும் எழுதி அனுப்பினா நான் பதில் போட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா