சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசலாமா?

கேள்வி: வாலாஜாபேட்டையில் தாத்தா காலத்து வீடு, மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை. சமையலறை எட்டுக்கு ஒன்பது அடிதான். விறகடுப்புக் கரி இன்னும் சுவரில் இருக்கிறது. அடிப்பக்கம் உப்பு பூத்து உதிர்கிறது. சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டலாம், கூடத்துச் சுவரை இடித்தால் இடம் கிடைக்கும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் மரக்கட்டைகளின் முனை கூடத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தால், கூரையே அதன்மேல்தான் நிற்கிறது. தொடவே கூடாது. கட்டைகள் சுவருக்கு இணையாக ஓடினாலும், கட்டுமானப் பொறியாளர் வந்து பார்க்காமல் இடிக்க வேண்டாம்.

இனி உப்பு பூத்த சுவர். உங்கள் பணம் போக வேண்டிய இடம் இதுதான். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பூச்சின் வழியாகவே அதைக் காற்றில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் மேலே ஏறும். உள்ளே சிக்கிய உப்பு படிந்து படிந்து செங்கல்லையே மாவாக்கும். முழங்கால் அளவில் இருந்த ஈரம் சிமென்ட் பூசிய பிறகு இடுப்பைத் தாண்டிய வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாய், வெளிச்சுவரை ஒட்டி ஓடும் சாக்கடை, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். அதைச் சரிசெய்த பிறகு, ஈரக் கோட்டுக்கு மேல் ஓரடி வரை பழைய பூச்சை உரித்து, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். நம்ம ஊர் வெயில் இதற்காவது உதவட்டும். அப்புறம் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து இரண்டு தடவையாகப் பூசி, ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். கலவைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். கடுக்காய், வெல்லம் ஊறவைத்த நீர் சேர்க்கத் தெரிந்த வயதான கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள்.

கரியைச் சுரண்டிக் கழுவாமல் வெள்ளையடித்தால் மஞ்சளாக ஊறி வெளியே வரும். டைல்ஸ் அடுப்புக்கும் தொட்டிக்கும் பின்னால் இரண்டடி உயரம் போதும்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி பிடிப்பு குறைவு. கனமான அலமாரியைத் தொங்கவிடாமல், தரையில் நிற்கும் உயரமான ரேக் வையுங்கள். மாடங்களை அடைக்காதீர்கள், டப்பா வைக்க அவை போதும். மேடைக் கல்லைச் சுவரில் செருகாமல் செங்கல் கால்கள்மேல் நிறுத்துங்கள்.

சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். மேலே எக்ஸாஸ்ட் இருந்தாலும் தரை மட்டத்தில் வெளிச்சுவரில் ஒரு கம்பிவலை ஓட்டை வேண்டும். வயரிங்கைப் பூச்சுக்கு முன்பே முடித்துவிடுங்கள்: இண்டக்‌ஷனுக்குத் தனி லைன், 16 ஆம்பியர் பிளக். பழைய வீடுகள் பலவற்றில் எர்த்தே இருக்காது. அதைப் போட்டு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்த பிறகே மிக்ஸியைச் செருகுங்கள்.